பிரசவ அறையில் இப்போது கோப்புகள்

கோப்பு அறைக்குள் பூனை புகுந்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தாள். மதியச் சாப்பாட்டு நேரம். வெளியே இருட்டிக்கொண்டு மழை பெய்தது. துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுக் காதுகொடுத்தாள். இரும்பு அலமாரிகளுக்குப் பின்னாலிருந்து, மூச்சு முட்டி முட்டி இழுப்பதுபோல் மெல்லிய சத்தம். பழைய காகித நெடியோடு பால் வாடையும் வந்தது.

"தம்பி, பூனை கத்துறது கேக்குதா?"

வாசல் காவலாளி எட்டிப் பார்த்தான். "மழைதான்க்கா கேக்குது. மொதல்ல போய்ச் சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனான்.

ஆபீஸ் நடக்கும் அந்த வீடு அவளுக்குப் புதிதல்ல. ஒரு வக்கீல் ஆசையாகக் கட்டியது. அவர் பிள்ளைகள் விற்றுவிட்டுப் போனதும் பிரசவ ஆஸ்பத்திரியானது. அப்புறம் டியூஷன் சென்டர், லாட்ஜ். இப்போது இன்சூரன்ஸ் ஆபீஸ். ஆஸ்பத்திரியாக இருந்தபோது இதே அறையில்தான் அவளுக்குப் பிரசவம் ஆனது.

"உசுரில்லாமப் பொறந்துடுச்சும்மா. பாக்காம இருக்கறதே நல்லது" என்று நர்ஸ் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனாள். எங்கே புதைத்தார்கள் என்றுகூட யாரும் சொல்லவில்லை. இருபத்தாறு வருஷம் கழித்து, துப்புரவுக்கு ஆள் தேவை என்று இந்த வாசலில் எழுதிப் போட்டிருந்ததைப் பார்த்தவள், வேறு எதையும் விசாரிக்காமல் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள்.

கரண்ட் போயிற்று.

சத்தம் அழுகையானது. பச்சைக் குழந்தையின் அழுகை. அவள் மார்பு கனத்தது, கட்டிக்கொண்டு வலித்தது. ரவிக்கை நனைந்தது. இந்த ஐம்பது வயதில்.

"வந்துட்டேன்டா கண்ணு."

மண்டியிட்டு, அலமாரியின் அடி இடுக்கில் கையை விட்டாள். ஏதோ அவள் விரலைப் பற்றியது. ஜில்லென்ற, மிகச் சிறிய பிடி. மெல்ல இழுத்து மடியில் போட்டு, முந்தானையால் மூடினாள். பல் முளைக்காத ஈறு கவ்வியது. அவள் தேம்பித் தேம்பி அழுதாள்.

"அம்மாவை மன்னிச்சிரு. கேட்டிருக்கணும். உன்னக் குடுங்கன்னு கேட்டிருக்கணும்."

பக்கத்து அலமாரியில் ஒரு முனகல்.

எதிரில் இன்னொன்று. மேல்தட்டில் ஒன்று. கோப்புக் கட்டு ஒன்று பொத்தென்று விழுந்தது.

எழப் பார்த்தாள். முடியவில்லை. மடியில் கல்லாய்க் கனத்தது. கவ்விய வாய் விடவில்லை. காவலாளியைக் கூப்பிட்டாள், மழை இரைச்சலில் அவள் குரல் அமுங்கிப்போயிற்று.

அந்த ஆஸ்பத்திரியிலிருந்து வெறுங்கையோடு வீடு திரும்பியவள் அவள் ஒருத்தி மட்டுமல்ல.

மின்னல் வெட்டியது. தட்டுத் தட்டாக, கோப்புகளின் நடுவிலிருந்து, சின்னச் சின்னக் கைகள் அவளை நோக்கி நீண்டிருந்தன.