நொண்டியது எந்தக் கால்?

பெரியப்பா பறவைகளை நேசிப்பவர். அதை மேடைதோறும் அவரே சொல்லியிருக்கிறார். பறவைகள் இதுவரை ஒன்றும் சொல்லவில்லை.

கோடையில் நீர்த்தேக்கம் வற்றி, ஓரமெல்லாம் கூழாங்கல் திடலாகிவிட்டது. அங்கே உப்புக்கொத்தி என்ற சின்னப் பறவை முட்டையிட்டிருந்தது. முட்டையும் கூழாங்கல் போலவே இருந்ததால் யார் கண்ணிலும் படவில்லை, அவர் தம்பி மகள் பொடிசைத் தவிர.

"கூட்டைக் காட்டுறவங்களுக்கு பைனாகுலர் பரிசு" என்று பறவைச் சங்கத் தலைவரான பெரியப்பா அறிவித்திருந்தார். அந்த ஆசையில் அவள் காட்டிக்கொடுத்துவிட்டாள்.

இப்போது சங்கமே திரண்டு வந்து முட்டைகளைச் சுற்றி நின்றது. நடுவில் பெரியப்பா, பீரங்கி போன்ற கேமராவுடன்.

"பெரியப்பா, தள்ளி நிக்கலாம். அது பயப்படுது."

"தலைவரே இங்க நிக்கிறேன், அதுக்கென்ன பயம்?"

பறவை சற்றுத் தள்ளி, சிறகு ஒடிந்ததுபோல் இழுத்து இழுத்து ஓடியது. எல்லோரும் தன்னைத் துரத்தி வரட்டும், முட்டை தப்பட்டும் என்று அது ஆடும் நாடகம்.

"பாவம், அடிபட்டிருக்கு" என்றார் பெரியப்பா. நகரவில்லை. "வந்து முட்டைமேல உக்காரட்டும். படம் எடுக்காம போறதில்ல."

வெயில் ஏறியது. பெரியப்பாவுக்கு டிரைவர் குடை பிடித்தார். பொடிசு ஒரு கல்லைத் தொட்டாள், விரல் சுட்டது. தாய் வந்து நிழல் தராவிட்டால் முட்டை வெந்தே போகும்.

அவள் வயல் வரப்புக்கு ஓடினாள். தொப்பென்று விழுந்தாள்.

"அம்மா, காலு போச்சே!"

கூட்டம் ஓடி வந்தது. கூட்டம் போன பிறகு தலைவர் மட்டும் அங்கே என்ன செய்வார்? அவரும் வந்தார். அவள் நொண்டிக்கொண்டே எல்லோரையும் மோட்டார் கொட்டகை வரை இழுத்துப் போனாள்.

"எந்தக் காலும்மா?" என்றார் டிரைவர்.

"இடது கால்."

"வலது காலைத்தானே நொண்டுன?" என்றார் பெரியப்பா. அவர் முகம் சிவந்தது. "நடிப்பா? பைனாகுலர் அண்ணனுக்குத்தான்."

அண்ணன் என்பது அவர் மகன். காலையிலிருந்து காரில் தூங்கிக்கொண்டிருந்தான்.

'அதோ, பறவை வந்துடுச்சு' என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் மறுபடி எல்லோரும் அங்கே ஓடுவார்கள். பொடிசு வாயை மூடிக்கொண்டாள்.

"படமும் வேணாம், ஒண்ணும் வேணாம். நடிக்கிற காலு நடந்தே வரட்டும்" என்று கார்க் கதவைச் சாத்தினார் பெரியப்பா.

சங்கமும் அவர் பின்னாலேயே கிளம்பியது. புழுதி அடங்கியது. விரல்களைக் குழலாக மடித்துக் கண்ணில் வைத்துப் பார்த்தாள். உப்புக்கொத்தி முட்டைகளின்மேல் உட்கார்ந்திருந்தது, முழுச் சிறகோடு.

வீடு தூரம். நல்லவேளை, அவளுக்கும் இரண்டு காலும் நன்றாகத்தான் இருந்தன.