கோட்டில் நிற்கும் தண்ணீர்

அன்று காலை வேலைக்குக் கிளம்பும் முன் அவன் கடைசியாகச் செய்தது, மீன்தொட்டியில் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றியதுதான்.

அது உப்புநீர்த் தொட்டி. வெயிலிலும் காற்றிலும் தண்ணீர் மட்டும்தான் குறையும், உப்பு அப்படியே தங்கிவிடும். அதனால் குறைந்த அளவுக்கு வெறும் நல்ல தண்ணீரைத் தினமும் ஊற்ற வேண்டும். அளவுக்காகத் தொட்டியின் பக்கத்தில் மெல்லிய சிவப்பு டேப் ஒட்டியிருந்தான். ஒரே நாளில் தண்ணீர் அந்தக் கோட்டுக்குக் கீழே அரை விரற்கடை இறங்கிவிடும். அவன் சொம்பைக் கண்ணாடியோடு சாய்த்து, சத்தமே கேட்காமல் வழியவிடுவான். சமையலறையில் இருந்த அவன் மனைவிக்கு, சத்தம் நின்றுபோன அந்தக் கணத்தை வைத்துத்தான் அவன் ஊற்றிக்கொண்டிருக்கிறான் என்று தெரியும். பேசிக்கொண்டே இருப்பவன் அப்போது மட்டும் பேசமாட்டான்.

முந்தின நாள் சாயங்காலம் அவன் இரண்டாவது மீனை வாங்கி வந்திருந்தான். முதல் மீனைப் போலவே சுண்டுவிரல் நீளம், அதே கத்தரிப்பூ நிறம், வாலோரத்தில் அதே மஞ்சள். இந்தச் சின்னத் தொட்டியில் ஒரே இனத்தில் இரண்டு வேண்டாம், ஒன்றுதான் மிஞ்சும் என்று கடைக்காரர் சொல்லித்தான் கொடுத்தாராம். இவன் கேட்டால்தானே. லிஃப்ட் மெக்கானிக், எதையும் கழற்றி மாட்டினால் சரியாகிவிடும் என்று நம்புகிறவன்.

அதற்கு ஒரு முறை இருப்பதாக அவளுக்கு விளக்கினான்.

"முதல்ல கல்லையெல்லாம் இடம் மாத்திடணும். பழசுக்கு இது என் இடம்ங்கிற நினைப்பே போயிடணும். புதுசை ஓட்டை போட்ட டப்பாவுல உள்ளயே தொங்க விட்டுட்டு, வெளியில ஒரு முகம் பாக்குற கண்ணாடிய ஒட்டணும். பழசு தன்னையே பாத்துச் சண்டை போட்டு ஓஞ்சு போகும். ஒரு வாரம் கழிச்சுக் கண்ணாடிய எடுக்கிறப்ப, புதுசு உள்ள குடியேறி இருக்கும்."

"பாவங்க. எதுக்கு அதை இப்படி ஏமாத்துறீங்க?"

"இந்தப் பழைய மீனு, நம்ம ஹவுஸ் ஓனரம்மா, அப்படியே உன்னை மாதிரி. நாற்காலிய ஒரு அடி தள்ளிப் போட்டாலே நீ மூணு நாளைக்கு மூஞ்சியத் தூக்கி வெச்சுக்குவியே."

அவள் கைத்துணியால் அவன் முதுகில் ஒன்று போட்டாள். அவன் சிரித்துக்கொண்டே கல்லை மாற்றி, டப்பாவைத் தொங்கவிட்டு, தன் சவரக் கண்ணாடியைத் தொட்டியின் வெளியே கறுப்பு டேப்பால் ஒட்டினான். டேப்பின் நுனியை உள்ளே மடித்துவிடுவது அவன் பழக்கம். பிரிக்கும்போது நகம் உடையாமல் இருக்க. காலையில் சொம்புத் தண்ணீரை ஊற்றிவிட்டுப் போனான். பதினொன்றரைக்குப் போன் வந்தது. ஏதோ ஒரு கட்டடத்தின் நான்காவது மாடிக்கும் ஐந்தாவதுக்கும் நடுவில் லிஃப்ட் கூண்டின் மேல் நின்றிருந்தானாம். யாரோ கீழே பொத்தானை அழுத்திவிட்டார்கள்.

துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் போய் வீடு காலியாக ஒன்பது நாள் ஆனது. கடைசியாகக் கிளம்பியவள் நாத்தனார், அவனுடைய தங்கை. அவளை அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தியதும் இவளுக்கு மோட்டாரின் முனகல் கேட்டது. அப்போதுதான் தொட்டி ஒன்று இருப்பதே நினைவுக்கு வந்தது. ஒன்பது நாளாய் அதன் பக்கம் இவள் போகவில்லை. கோட்டுக்கு எத்தனையோ கீழே தண்ணீர் இறங்கியிருக்கும் என்று பயந்துகொண்டே போய்க் குனிந்தாள்.

தண்ணீர் சரியாகக் கோட்டில் நின்றது.

டப்பாவின் மூடி திறந்திருந்தது. மோட்டாருக்குப் பின்னால் ஒரு மீன் செத்துக் கிடந்தது, துடுப்புகள் எல்லாம் நார்நாராக. இன்னொன்று கல்லிடுக்கிலிருந்து தலையை நீட்டி அவளைப் பார்த்தது. செத்தது பழசா புதுசா என்று வெகுநேரம் பார்த்தாள். தெரியவில்லை. தொட்டியில் ஒட்டியிருந்த சவரக் கண்ணாடியைக் காணவில்லை.

தண்ணீர் ஊற்றினாயா என்று நாத்தனாரிடம் போனில் கேட்டாள். அந்தத் தொட்டியைப் பார்த்தாலே தனக்கு அண்ணன் முகம்தான் தெரிகிறது, அந்தப் பக்கமே போகவில்லை என்றாள் அவள்.

மறுநாளும் தண்ணீர் கோட்டில் நின்றது. அதற்கு மறுநாளும். விடியற்காலையில், விழிப்பதற்குச் சற்று முன்னால், ஹாலில் ஏதோ ஒரு சத்தம் நின்றுபோவதை அவள் உணர்வாள். கண்ணைத் திறக்காமல் படுத்திருப்பாள். அவன்தான் என்று நினைக்க ஆசையாக இருந்தது. அந்த நினைப்பு மட்டும் இல்லாவிட்டால் அவள் அன்றைக்கே வீட்டைப் பூட்டிக்கொண்டு போயிருப்பாள்.

பிறகு டீத்தூள் டப்பா சர்க்கரை இருந்த இடத்துக்குப் போயிருந்தது. அவன் நாற்காலி சுவரை விட்டு ஒரு அடி தள்ளி நின்றது. துக்கத்தில் தானே மாற்றி வைத்து மறந்திருப்போம் என்று திரும்ப வைத்தாள். அடுத்த நாள் துணி பீரோ வேறு சுவரோரம் நின்றது. தரையில் இழுத்த தடம் இல்லை, பீரோ நின்றிருந்த இடத்தில் ஈரமும், கடற்கரையில் காய்ந்த பாசியின் வாடையும் மட்டும். கழுவினாள். போகவில்லை. கழிவறைக்குப் போக எழுந்தவள் கட்டில் திரும்பிக் கிடந்ததில் சுவரில் முட்டிக்கொண்டாள். பதினாறு வருடம் கண்ணை மூடிக்கொண்டு நடந்த வீட்டில் இப்போது சுவரைத் தடவிக்கொண்டு நடந்தாள்.

ஹாலில் இருக்கும்போது பால்கனி ஜன்னலில் ஒரு முகம் அவளையே பார்த்தது. அவள் முகம்தான். ஆனாலும் ஒவ்வொரு முறையும் திடுக்கிட்டாள், திடுக்கிட்டதற்காக அந்த முகத்தின் மேலேயே எரிச்சல் பட்டாள். ஒருநாள் அதைப் பார்த்துக் கையை ஓங்கினாள். இன்னொரு நாள் வாய்விட்டே திட்டினாள். நாளாக ஆக அதற்கும் தெம்பு இல்லை.

நாத்தனார் தினமும் கூப்பிட்டாள். "தனியா அங்க என்ன பண்றீங்க அண்ணி? இங்க வந்துடுங்க. ஒரு ரூம் ஒழிச்சு வெச்சிருக்கேன்."

"நான் வரலம்மா. இது என் வீடு. அவர் இருந்த வீடு. இதை விட்டா எனக்கு வேற என்ன இருக்கு?"

சொல்லிவிட்டுப் போனை வைத்தபோது சாயங்காலம் ஐந்து மணி. வெயில் நேராக ஜன்னலில் விழுந்துகொண்டிருந்தது. அவள் முகம் அதில் தெரிந்தது. கொஞ்சம் யோசித்தாள். வெளியே இவ்வளவு வெளிச்சம் இருக்கும்போது ஜன்னலில் முகம் தெரியாதே. பக்கத்தில் போனாள். முகம் மட்டும்தான் தெரிந்தது, ஒரு சதுரத்துக்குள். சுற்றிலும் பால்கனியின் துணிக்கொடி, எதிர்க் கட்டடம்.

பால்கனிக் கதவைத் திறந்து வெளியே போனாள்.

சவரக் கண்ணாடி. வெளிப்புறமிருந்து உள்ளே பார்த்தபடி, நான்கு மூலையிலும் கறுப்பு டேப். டேப்பின் நுனிகள் உள்ளே மடித்திருந்தன.

முதலில் அழுகைதான் வந்தது. மடித்த நுனியைத் தடவினாள். அவன் விரல் பட்ட இடம். "வந்தீங்களா?" என்று மெதுவாகக் கேட்டாள். ஒவ்வொரு மூலையாகப் பிரித்து, கண்ணாடியைக் கழற்றி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

அதன் பிறகுதான் காதில் கேட்டது, மீனைப் பற்றி அன்று அவன் சொன்னது. கல்லை இடம் மாற்றுவது. கண்ணாடி ஒட்டுவது. ஒரு வாரம் கழித்துக் கண்ணாடியை எடுக்கிறபோது.

ஜன்னலில் முகம் இருந்தது.

கண்ணாடி அவள் கையில் இருந்தது.

அவள் வாயைப் பொத்தினாள். உள்ளே இருந்தவள் பொத்தவில்லை. அதே நைட்டி. நெற்றியில் அதே கலைந்த முடி. களைப்பு மட்டும் இல்லை. ஜன்னலை விட்டுத் திரும்பி நடந்தாள், தள்ளிக் கிடந்த நாற்காலியில் இடிக்காமல், பார்க்காமலே ஒதுங்கி. பால்கனிக் கதவருகே வந்தாள். சாத்தினாள். தாழ்ப்பாள் விழுந்தது.

இவள் கதவைத் தட்டினாள். ஜன்னலை அறைந்தாள். பெயர் சொல்லிக் கத்த நினைத்தாள். சொல்ல வேண்டிய பெயர் அவளுடையதுதான்.

மேஜையில் போன் ஒளிர்ந்தது. உள்ளே இருந்தவள் எடுத்துக் காதில் வைத்தாள், தலையாட்டினாள், ஏதோ சொல்லி லேசாகச் சிரித்தாள். வைத்துவிட்டுச் சமையலறையிலிருந்து சொம்பை எடுத்து வந்தாள்.

கல்லிடுக்கிலிருந்து மீன் வெளியே வந்தது. அவள் கையருகே போய் நின்றது.

அவள் சொம்பைத் தொட்டிக் கண்ணாடியோடு சாய்த்தாள். சத்தமே இல்லாமல் ஊற்றினாள். குனிந்து பார்த்தாள்.

தண்ணீர் சரியாகக் கோட்டில் நின்றது.