பருத்திப்பட்டு சுவருக்கு வெள்ளையடித்தது யார்?

மஹ்ஜபீன் மாடிப்படி ஏறி வந்த வேகத்தைப் பார்த்து, யாருக்கோ உடம்பு சரியில்லை என்றுதான் அமல்ராஜ் முதலில் நினைத்தான். பூந்தமல்லி டிரங்க் ரோட்டில் தையல்கடைக்கு மேலே இருந்த அந்த ஒற்றை அறைக்கு யாரும் அப்படி ஓடி வருவதில்லை. ‘சுலோசனா, தனியார் விசாரணைகள்’ என்ற பலகையை இரண்டு தரம் படித்து, யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் வருவார்கள். முக்கால்வாசிப் பேர் மாப்பிள்ளையைப் பற்றி விசாரிக்க வருகிறவர்கள்.

சுலோசனா ஓர் இன்சூரன்ஸ் கம்பெனியில் தீப்பிடித்த குடோன்களையும் திருட்டுப்போன லாரிகளையும் பார்த்து, நடந்ததா நடத்தியதா என்று சொல்லியே பணிக்காலத்தைக் கழித்தவர். ஓய்வு பெற்ற பிறகும் அந்தக் கண் ஓயவில்லை. அமல்ராஜ் அவருடைய உதவியாளன். கூரியர் வேலையை விட்டுவிட்டு அவரிடம் சேர்ந்தவன். மூளையைவிட வாய் முந்துகிறது என்று அவர் அடிக்கடி சொல்வார். எதிலோ முந்துகிறோமே என்று அவனும் சந்தோஷப்பட்டுக் கொள்வான்.

“மேடம், என் படத்தை அழிச்சிட்டாங்க” என்றாள் மஹ்ஜபீன். அவள் விரல் நகங்களில் இன்னும் ஆரஞ்சு பெயின்ட் இருந்தது.

தண்ணீர் கொடுத்து உட்கார வைத்த பிறகு விஷயம் ஒழுங்காக வந்தது. பருத்திப்பட்டு ஏரியின் நடைபாதையை ஒட்டி ஓர் அடுக்ககத்தின் பின்பக்க மதில் இருக்கிறது. அந்த மதில் முழுக்க அவள் ஓவியம் வரைந்து, நேற்று மாலைதான் முடித்தாள். இன்று காலை போய்ப் பார்த்தால் சுவர் முழுக்க வெள்ளை.

“இன்னிக்கு சாயங்காலம் திறப்பு விழா. கலை அறக்கட்டளையிலேர்ந்து வர்றாங்க. பிடிச்சிருந்தா ஆவடி, அம்பத்தூர்னு இன்னும் சுவர் வாங்கித் தர்றேன்னு சொல்லியிருக்காங்க. பாக்கறதுக்கே ஒண்ணும் இல்லைன்னா? மறுபடி மாமாவோட ஃப்ளெக்ஸ் கடையில உக்காந்து, பொறந்தநாள் பேனருக்குத் தலை வெட்டி ஒட்டணும். அது என்னால முடியாது மேடம்.”

“கட்சிக்காரங்கதான்!” என்று அமல்ராஜ் துள்ளி எழுந்தான். “எலெக்சன் வருதில்ல மேடம்? சுவரு புடிக்கிறாங்கோ. கேசு முடிஞ்சிது.”

“உக்காருப்பா. படத்தோட ஃபோட்டோ இருக்காம்மா?”

மஹ்ஜபீன் கைப்பேசியை நீட்டினாள். அமல்ராஜும் எட்டிப் பார்த்தான். ஏரி ஆரஞ்சு நிறத்தில் ஒரே பட்டையாகக் கிடந்தது. வானம் பச்சை. இது என்ன கூத்து என்று அவன் வாயைத் திறக்கப் போனபோது, கரையோரம் நின்ற உருவங்கள் கண்ணில் பட்டன. ஒன்றுக்கும் முகம் இல்லை. எல்லாம் முதுகுகள். இடுப்பில் கை வைத்து நிற்கும் ஒரு தடித்த முதுகைப் பார்த்ததும் அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“ஐயே, இது எங்க பெரியக்கா மேடம்! மீன்காரன்கிட்ட சண்டைக்கு நிக்கும்போது இப்டித்தான் நிப்பாங்கோ.”

அத்தனை அழுகையிலும் மஹ்ஜபீனுக்கு முகம் மலர்ந்தது. “எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. ஏரியைப் பாத்து நிக்கிறவங்களோட முதுகுதானே நமக்குத் தெரியும்? வாக்கிங் வர்றவங்க நின்னு, இது அவரு, அது இவருன்னு அடிச்சிக்குவாங்க. அதைக் கேக்கறதுக்காகவே நான் மெதுவா வரைஞ்சேன்.”

“இந்தக் கோடியில இருக்கறது?” என்று கேட்டார் சுலோசனா.

“அது நேத்து மத்தியானம் கடைசியா போட்டது. சோளம் தின்னுற ரெண்டு பேரு, குடையோட ஒரு அம்மா, பெஞ்சுல தனியா ஒருத்தர். ஏரியோட அந்தப் பக்கம் போயிருந்தப்போ பாத்தவங்க. யாருன்னு எனக்குத் தெரியாது.”

பெஞ்சில் இருந்தவரின் இடது தோள் உயர்ந்து, வலது தோள் இறங்கியிருந்தது. சாப்பாட்டுப் பையின் வாரை மணிக்கட்டில் இறுக்கிச் சுற்றியிருந்தார். அமல்ராஜ் அதைப் பார்த்தான், பார்த்த கையோடு பெரியக்காவிடமே திரும்பிவிட்டான்.

பருத்திப்பட்டுக்கு அவர்கள் போய்ச் சேர்ந்தபோது வெயில் ஏறியிருந்தது. ஏரியில் நீர்க்காகங்கள் முங்கி எழுந்துகொண்டிருந்தன. மதிலுக்கு முன்னால் அடுக்ககத்தின் செயலாளர் இராமகிருஷ்ணனும், கட்சியின் வட்டச் செயலாளர் நாகப்பனும் ஒருவரையொருவர் பார்க்காமல் நின்றிருந்தார்கள்.

“நான் முதல்லேயே சொன்னேன்” என்றார் இராமகிருஷ்ணன். “ஆரஞ்சு கலர்ல ஏரி, முகம் இல்லாத மனுஷா. ஒரு நல்ல இயற்கைக் காட்சி போட்டிருந்தா யாராவது அழிப்பாளா? எங்க ஜாயின்ட் செக்ரெட்டரி அஜித்குமார்தான் மாடர்ன் ஆர்ட், மாடர்ன் ஆர்ட்னு சண்டை போட்டு அனுமதி வாங்கினார்.”

“இன்னாமே, எல்லாரும் என்னையே பாக்கறீங்கோ?” என்றார் நாகப்பன். “இந்தச் சுவரை நான் கேட்டது நெசம். அசோசியேசன்ல தரமாட்டோம்னு சொன்னாங்கோ, உட்டுட்டேன். பொண்ணு நல்லாத்தான் போட்டிருந்திச்சி. என் முதுகு கூட அதுல கீது.”

சுலோசனா இருவருக்கும் தலையசைத்துவிட்டுச் சுவரோரமாக நடந்தார். அமல்ராஜ் பின்னாலேயே போனான். அவர் எதைப் பார்க்கிறார் என்று கண்டுபிடிப்பது அவனுக்கு ஒரு விளையாட்டு, பெரும்பாலும் தோற்கும் விளையாட்டு. சுவரின் பெரும்பகுதியில் வெள்ளை மெலிதாக இருந்தது. அடியில் ஆரஞ்சும் பச்சையும் மங்கலாகத் தெரிந்தன. கோடியில், நேற்று மத்தியானம் வரைந்த இடத்தில் மட்டும் திரும்பத் திரும்பப் பூசியது போல வெள்ளை தடித்திருந்தது. மதிலடியில் குரோட்டன்ஸ் தொட்டிகள் வரிசையாக இருந்தன. இலைகளில் ஒரு சொட்டுகூடச் சுண்ணாம்பு இல்லை. தொட்டிகள் நகர்ந்து திரும்பி வந்த தடம் மண்ணில் இருந்தது.

சந்தேகப்படுகிறவன் மாதிரி கம்பீரமாகச் சுவரில் சாய்ந்து நின்ற அமல்ராஜின் நீலச் சட்டை முழுக்க வெள்ளையாகிவிட்டது. சுலோசனா அதை வெகுநேரம் பார்த்தார்.

“தேங்க்ஸ் அமல்” என்றார். எதற்கு என்று அவனுக்குப் புரியவில்லை.

அப்போதுதான் அஜித்குமார் வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை, கையில் ஹெல்மெட். தென்காசியிலிருந்து வந்து ஐ.டி. வேலையில் இருப்பவர் என்று இராமகிருஷ்ணன் அறிமுகம் செய்தார்.

“திறப்பு விழாங்கறதால இன்னைக்கு லீவு போட்டுட்டேன்” என்றார் அஜித்குமார். மஹ்ஜபீன் பக்கம் திரும்பாமலே, “ரொம்ப வருத்தமா இருக்கும்மா” என்றார். சொல்லும்போது ஹெல்மெட்டின் வார் அவர் மணிக்கட்டில் சுற்றிக்கொண்டே போனது.

“சுண்ணாம்பு எங்கேர்ந்து வந்திருக்கும்?” என்று சுலோசனா பொதுவாகக் கேட்டார்.

“எங்க மொட்டை மாடியிலயே மூட்டை இருக்கே” என்றார் இராமகிருஷ்ணன். “கோடைக்கு மாடித் தளத்துல அடிச்ச மிச்சம்.” போய்ப் பார்த்தால் மூட்டை பாதிதான் இருந்தது. மாடிச் சாவி செயலாளரிடம் ஒன்று, இணைச் செயலாளரிடம் ஒன்று.

இறங்கும்போது அமல்ராஜ் காதோடு சொன்னான். “மேடம், அந்த ஐயருதான். படமே புடிக்கலன்னு அவரு வாயாலயே சொன்னாரு.”

சுலோசனா மஹ்ஜபீனிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். “படத்து மேல ஏதாவது பூசினியாம்மா?”

“நேத்து சாயங்காலம் மேல்பூச்சு குடுத்தேன் மேடம், கண்ணாடி மாதிரி. அஜித் சார்தான் பக்கத்துல இருந்தாரு. மழை பெஞ்சா படத்துக்கு ஒண்ணும் ஆகாதேன்னு ரெண்டு தடவை கேட்டாரு.”

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நால்வரையும் சுவருக்கு முன்னால் வரச் சொன்னார் சுலோசனா. பக்கத்தில் தண்ணீர் வாளியும் சில ஸ்பாஞ்சுகளும் இருந்தன. நீளமான ரப்பர் குழாயும் தயாராகக் கிடந்தது.

“நாகப்பன் சார், நீங்க ஒரு சுவரு பிடிச்சா முதல்ல என்ன செய்வீங்க?”

“இதென்ன கேள்விமா? வெள்ளை அடிச்ச கையோட மூலைல கட்சி பேரு, வருசம் எல்லாம் எய்திடுவோம். வெறும் சுவரா உட்டா விடியறதுக்குள்ள வேற கட்சிக்காரன் எய்திட்டுப் பூடுவான்.”

“இங்க ஒரு எழுத்துகூட இல்லை. கட்சிக்காரங்க செய்த மாதிரி இருக்கணும்னு நினைச்ச யாரோ இதைச் செய்திருக்காங்க. ஆனா சுவரு பிடிச்சுப் பழக்கமில்லாதவங்க. ஒரு கட்சி பேரைப் பொய்யா எழுதவும் அவங்களுக்குத் தைரியம் வரலை. தவிர, ராத்திரியில சுவரு பிடிக்கற பசங்க குரோட்டன்ஸ் தொட்டியை நகர்த்தி வெச்சு, வேலை முடிஞ்சதும் திரும்ப அடுக்கிட்டுப் போவாங்களா?”

நாகப்பன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். இராமகிருஷ்ணனின் முகம் வெளிறியது. “அப்போ நானா? எனக்குப் பிடிக்கலைங்கறது வாஸ்தவம். அதுக்காக...”

“பிடிக்காதவர் அழிக்கணும்னுதான் சார் அடிப்பார்.” சுலோசனா ஸ்பாஞ்சை நனைத்துச் சுவரில் ஓர் இழு இழுத்தார். பளிச்சென்று ஆரஞ்சு வந்தது. மஹ்ஜபீன் வாயைப் பொத்திக்கொண்டாள். “வஜ்ரப் பசை கலக்காத வெறும் சுண்ணாம்பு. அமல்ராஜ் சாய்ஞ்சதுக்கே சட்டையோட வந்திடுச்சு. பசை கலந்திருந்தா இப்படிப் போகாது. மேல்பூச்சு இருக்குன்னு தெரிஞ்சவர், தண்ணி பட்டா படம் திரும்ப வரட்டும்னு நினைச்சு அடிச்சிருக்கார். இந்தப் படம் அவருக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனா இன்னைக்கு சாயங்காலம் இது கண்ணுல படக்கூடாது.”

“முழுப் படமுமா?” என்றாள் மஹ்ஜபீன்.

“இல்லம்மா. இந்தக் கோடி மட்டும்தான். இங்கதான் திரும்பத் திரும்ப அடிச்சிருக்கார். இதை மட்டும் மறைச்சா எதுக்குன்னு கேள்வி வரும். அதனால மீதியையும் சேர்த்து. முகம் இல்லாத படத்துக்கு யார் பயப்படுவாங்கன்னு கேக்கலாம். ஆனா இந்த ஊர்ல முதுகைப் பாத்தே அடையாளம் சொல்றாங்களே. வேலை நாள்ல, எல்லாரும் ஆபீஸ்ல இருக்கற நேரத்துல, ஏரியோட அந்தப் பக்கத்து பெஞ்சுல சாப்பாட்டுப் பையோட உக்காந்திருக்கற ஒரு மனுஷனை, அவரோட வீட்டுல இருக்கறவங்க கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் ஆகும்?”

சுலோசனா கையிலிருந்த ஸ்பாஞ்சை வாளியில் போட்டார்.

“அவர் யாருன்னு நான் சொல்லப் போறதில்லை. இது குத்தம்னா, மறைச்சதை மறைச்சவரே கழுவிட்டா தீர்ந்துடும். ஸ்பாஞ்சு இங்க இருக்கு.”

அமல்ராஜின் பார்வை தானாகவே போய் நின்றது. உயர்ந்த இடது தோள், இறங்கிய வலது தோள், மணிக்கட்டில் இரத்தம் கட்டும்படி சுற்றிய ஹெல்மெட் வார். லீவு போட்டவன் கழுத்தில் எதற்கு அடையாள அட்டை? பெயர் அவன் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அப்போது அந்த மனிதரின் கண்களைப் பார்த்தான். வாழ்க்கையில் முதல் தடவையாக, தெரிந்த ஒரு பதிலை அவன் விழுங்கிக்கொண்டான்.

அஜித்குமார் ஹெல்மெட்டைக் கீழே வைத்தார். வாளியிலிருந்து ஸ்பாஞ்சை எடுத்துக்கொண்டு நேராக அந்தக் கோடிக்குப் போனார்.

“கம்பெனியில எங்களை மொத்தமா வேலையிலேர்ந்து எடுத்துட்டாங்க” என்றார், சுவரைப் பார்த்தபடியே. “வேற வேலை கிடைச்சதும் சொல்லிடலாம்னு இருந்தேன். கிடைக்கலை. மஹ்ஜபீன், என்னை மன்னிச்சிடும்மா. விழாவுக்கு வர்ற என் மனைவி பாத்துடக் கூடாதுன்னுதான் அடிச்சேன், நாளைக்கே நானே கழுவிடணும்னு நினைச்சேன். உன் சாயங்காலத்தைப் பத்தி நினைக்கலை.”

மஹ்ஜபீனுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வந்ததும்தான். ஆனால் அவள் இன்னொரு ஸ்பாஞ்சை எடுத்து, அவருக்குப் பக்கத்தில் நின்று துடைக்கத் தொடங்கினாள். நாகப்பன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குழாயைப் பிடித்தார். இராமகிருஷ்ணன்கூட, தனக்கு எட்டிய உயரத்தில் பச்சை வானத்தைத் தேய்த்தார்.

அஜித்குமாரின் மனைவி சுவேதா விழாவுக்குக் குத்துவிளக்கை எடுத்துக்கொண்டு வந்தபோது, பெஞ்சும் அதில் உட்கார்ந்திருந்தவரின் முதுகும் முழுதாக வெளியே வந்திருந்தன. விளக்கை இராமகிருஷ்ணனிடம் கொடுத்தாள். படத்தைப் பார்த்தாள், நனைந்த சட்டையோடு நின்ற கணவனைப் பார்த்தாள். அஜித்குமார் எல்லாவற்றையும் மெல்லிய குரலில் சொன்னார்.

“வேலை போனதை மறைச்சதுகூடப் பரவாயில்லை” என்றாள் பிறகு. கண்கள் நிறைந்துவிட்டன. “நான் கட்டிக் குடுத்த சோத்தை இங்க ஒத்தையில உக்காந்து சாப்பிட்டிருக்கீங்களே. அதைத்தான் என்னால தாங்க முடியலை.”

மாலையில் அறக்கட்டளைக்காரர்கள் வந்தபோது சுவர் இன்னும் ஈரமாக மின்னியது. வாக்கிங் வந்த கூட்டம் வழக்கம்போல முதுகுகளுக்குப் பெயர் வைத்துக்கொண்டிருந்தது. வந்தவர்களில் நரைத்த தலையோடு இருந்த அம்மாள் சுவர் முழுக்க நடந்து பார்த்து, கடைசிக் கோடியில் நின்றுவிட்டார். மஹ்ஜபீன் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

“இதை விட்டுப் போக மனசு வரலை” என்றார் அந்த அம்மாள். “அடுத்த சுவர் எங்கேன்னு நாளைக்கே பேசலாம், வாம்மா.” பிறகு பக்கத்தில் நின்ற சுவேதாவிடம், “இந்த பெஞ்சுக்காரர் யாருன்னு உங்களுக்குத் தெரியுமா?” என்று கேட்டார்.

அஜித்குமார் தலை குனிந்தார். சுவேதா அவர் கையைப் பிடித்து இழுத்து முன்னால் நிறுத்தினாள்.

“எங்க வீட்டுக்காரருங்க” என்றாள், எல்லாருக்கும் கேட்கும்படி.