பதினொரு கெந்தல்

நிஃப்லாவுக்கு அடிவயிறு கல்லாய்க் கனத்தது. விடிந்ததிலிருந்து அடக்கிக்கொண்டு நிற்கிறாள். உட்கார்ந்தால் வலி, நின்றால் வலி, சிரித்தால் சொல்லவே வேண்டாம்.

வீட்டு மலசலகூடத்தில் மூன்று நாளாக ஊற்றிய தண்ணீர் இறங்கவில்லை. குழி நிறைந்துவிட்டது. இரண்டு நாள் கைகொடுத்த பக்கத்து வீட்டு அலீமா மாமி, இன்று காலையிலேயே கதவைப் பூட்டிக்கொண்டு சிலாபத்துக்குப் போய்விட்டார்.

"போனவ திறப்பையாவது தந்திட்டுப் போயிருக்கலாம்," என்று உம்மா முணுமுணுத்தார்.

நல்லவேளை, கழிவு உறிஞ்சும் பவுசர் வந்து வாசலில் நின்றது. அதை ஓட்டி வந்த அருளப்பு இறங்கினார். முழங்கால்வரை ரப்பர் சப்பாத்து, தோளில் நீளமான இரும்பு அலவாங்கு.

"குழி மூடி எங்க தங்கச்சி?"

உம்மா முற்றத்தைப் பார்த்தார். முற்றம் முழுக்க மணல். இரண்டு வருஷத்துக்கு முந்தி மாரி வெள்ளம் ஏறியபோது, வாப்பா மூன்று டிரக்டர் மணல் கொட்டி நிரவியிருந்தார். மூடியும் அடியில் போய்விட்டது. ஓர் அடையாளம் வைக்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

உப்பளத்தில் வேலைக்கு நின்ற வாப்பாவுக்கு உம்மா போன் எடுத்தார்.

"கிணத்துக்கு எட்டத்தான் வெட்டினன்," என்றார் வாப்பா.

"எந்தப் பக்கம்?"

"அந்தப் பக்கம்தான்!"

அருளப்பு அலவாங்கால் மணலைக் குத்தினார். சரக். இன்னோர் இடம். சரக்.

"இன்னும் ரெண்டு வீடு காத்திட்டு இருக்கு. பத்து நிமிஷம் பார்ப்பன். இல்லாட்டி அடுத்த செவ்வாய்தான்."

அடுத்த செவ்வாயா! நிஃப்லாவின் வயிறு ஒரு முறுக்கு முறுக்கியது.

முற்றத்தை வெறித்துப் பார்த்தாள். மணல் கொட்டுமுன் இங்கே அவள் கெந்தி விளையாடாத இடமில்லை. குசினிப் படியிலிருந்து முருங்கையை நோக்கி ஒற்றைக்காலில் போனால், பதினோராவது கெந்தலில் நிலம் 'டும்' என்று அதிரும்!

"எனக்குத் தெரியும்!"

வயிற்றைப் பிடித்துக்கொண்டு கெந்தினாள். ஒன்று, இரண்டு... பதினொன்று.

அருளப்பு குத்தினார். சரக்.

"ராத்தா, கால்ல முள்ளுக் குத்தின கொக்கு மாதிரி இருக்கு," என்றான் தம்பி றஸ்மி.

"சிரிக்க வைக்காதடா! வந்திடும்!"

தன் காலைப் பார்த்தாள். றஸ்மியின் காலைப் பார்த்தாள்.

"அப்ப எனக்கு எட்டு வயசு. கால் கட்டை. இவனுக்கு இப்ப எட்டு வயசு. டேய், நீ கெந்து!"

றஸ்மி பெரிய வீரன்போல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கெந்தினான். பதினொன்று.

அருளப்பு குத்தினார்.

ணங்!

மணலை வாரித் தள்ளிவிட்டு அவர் மூடியை நெம்பினார். "பிள்ளைகள் மதிலடியில போய் நில்லுங்க. இதுக்குள்ள இருந்து வாற காத்து பெரிய ஆளையே சாய்ச்சுப் போடும்."

பவுசர் உறுமியது. மலைப்பாம்பு போன்ற குழாய் துடித்தது. மதிலடியில் நின்ற நிஃப்லாவின் உள்ளங்காலிலும் நிலம் நடுங்கியது.

"மாமா, உள்ளுக்கு என்ன இருக்கு?" என்று மூக்கைப் பொத்திக்கொண்டு கத்தினாள்.

"வேலைக்காரர்! கண்ணுக்குத் தெரியாத பூச்சிகள். ஒரு துளியில கோடிக்கணக்கா இருக்கும். நீங்க அனுப்புறதையெல்லாம் தின்னு கரைக்குதுகள்."

"வெள்ளிக்கிழமையும்?"

"வெள்ளிக்கிழமையும்."

"பெருநாளைக்கும்?"

"அண்டைக்குத்தான் வேலை கூட!" அருளப்பு சிரித்தார். "ஆனா மலசலகூடம் கழுவுற வாசமருந்தைப் போத்தல் போத்தலா ஊத்தினா செத்திடும். குழியும் கெதியா நிறைஞ்சிடும்."

உம்மா முருங்கையில் காய் இருக்கிறதா என்று பார்க்கத் தொடங்கினார்.

"அடியில கொஞ்சம் விட்டிருக்கன். அதில இருந்து திரும்பப் பெருகும்," என்று சொல்லி அருளப்பு மூடியைப் போட்டார்.

நிஃப்லா மூடியைக் குனிந்து பார்த்தாள். எத்தனை நாள் அவற்றின் தலைக்கு மேலே டும் டும் என்று குதித்திருக்கிறாள்! அவள் தூங்கும்போதும் பள்ளிக்கூடம் போனபோதும், கீழே இருட்டில் ஒரு ஊரே ஓயாமல் உழைத்திருக்கிறது. வெளிச்சம் இல்லை, சம்பளம் இல்லை. யாரும் ஒரு வார்த்தை கேட்டதுமில்லை.

"நம்ம வீட்டில இவ்வளவு பேரா!" என்றான் றஸ்மி.

நிஃப்லா ஒரு பெரிய கல்லை உருட்டி வந்து மூடியின் ஓரத்தில் நட்டாள். திரும்பி நடக்கையில் காலை மெல்ல மெல்ல எடுத்து வைத்தாள்.

"புள்ள, இந்தப் பிளேன்டீயை மாமாவுக்குக் குடு," என்று உம்மா தேநீர்க் கோப்பையை நீட்டினார்.

இரண்டடி போனாள். அதற்குமேல் வயிறு பொறுக்கவில்லை. கோப்பையை றஸ்மியின் கையில் திணித்துவிட்டு ஓடினாள்.

தண்ணீரை ஊற்றியதும் அது கொடகொடவென்று ஒரே மூச்சில் இறங்கியது. அவ்வளவு இனிமையான சத்தத்தை அவள் கேட்டதே இல்லை.

வெளியே வந்தபோது வாசல் வெறுமையாக இருந்தது. றஸ்மியின் கையில் கோப்பையும் வெறுமையாக இருந்தது.

"மாமா குடிச்சாரா?"

"அவர் அவசரமாப் போயிட்டார். ஆறிடும் எண்டு நான் குடிச்சன்."

அருளப்பு மாமாவுக்கு நிஃப்லா ஒரு பிளேன்டீ பாக்கி. ஒரு நன்றியும் பாக்கி.