கடைசியாக மூடியவர்

காலை 8.10.

கொழிஞ்சாம்பாறை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்தது டாக்டர் கோபிநாத்தின் ஸ்கேன் சென்டர். அதன் கூடத்தில், ரிசப்ஷன் கம்ப்யூட்டரோடு இணைந்து டோக்கன் எண் காட்டும் பெரிய டிவி சட்டென்று வெளுத்தது. எண் மறைந்து, ஒரு மனிதனின் அந்தரங்கம் அங்கே விரிந்தது.

மோகனசுந்தரம், வயது 34. கீழே, நோயாளிக்குப் புரியட்டும் என்று டாக்டர் தமிழில் எழுதும் சுருக்கம்: ‘கணவரிடம் உயிரணுக்கள் இல்லை. மனைவியிடம் எந்தக் குறையும் இல்லை.’

சர்க்கரை நோய் முகாமுக்காகப் பொள்ளாச்சி பஸ்ஸில் வந்த கூட்டம் முழுக்கப் படித்தது. பாதிப் பேருக்கு அவரைத் தெரியும். அவர்கள் வீட்டுக் கல்யாண ஆல்பங்களைச் செய்தவரே அவர்தான். ரிசப்ஷனிலிருந்த செல்வப்பிரியா ஓடி வந்து டிவியின் ஒயரைப் பிடுங்குவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. மோகனசுந்தரம் தன் அம்மா கமலாத்தாளைக் கைப்பிடித்து எழுப்பிக்கொண்டு வெளியேறினார்.

காலை 11.30.

சென்டரின் மென்பொருளைச் செய்த நிறுவனத்தின் ஆட்கள் இருவர் பாலக்காட்டிலிருந்து வந்து இறங்கினார்கள். ரிப்போர்ட்டைத் திறந்து காட்டும் புரோகிராமை எழுதியவன் அத்வைத். அதில் குறை கண்டுபிடிப்பதே வேலையாக உள்ளவள் கௌரி. இருவரும் கல்பாத்தி அக்ரகாரத்துக்காரர்கள், காரில் ஏறியதிலிருந்து சண்டை.

“தப்பு உங்க புரோகிராமா, இந்தப் பொண்ணா? அதை மட்டும் சொல்லுங்க” என்றார் டாக்டர். “மோகனசுந்தரத்தோட சம்சாரம் கௌசிகாவும் இவளும் ஒண்ணாப் படிச்சவங்க. குழந்தை இல்லைன்னு ஆறு வருஷமா அந்தப் பொண்ணு மாமியார்கிட்ட பேச்சு வாங்கிட்டிருக்கு. சிநேகிதிக்காக இவ பண்ணிட்டாள்னு ஊரே சொல்லுது. சாயங்காலத்தோட இவ நின்னுக்கட்டும்.”

செல்வப்பிரியாவின் கண்கள் சிவந்திருந்தன. “நோயாளி ரகசியத்தை வெளிய உட்டவள்னு பேராயிட்டா எனக்கு எங்கீங்க வேலை கெடைக்கும்?”

கௌரி நாற்காலியை இழுத்துப் போட்டு அவளுக்கு எதிரே உட்கார்ந்தாள்.

“ரிப்போர்ட்டைத் திறந்தது யார்?”

“நாந்தானுங்க. மொத டோக்கன் அவருது. தொறந்தேன், என்ற ஸ்கிரீன்ல ஒண்ணுமே வரலீங்க. மாட்டிக்கிச்சுன்னு மறுக்கா அமுக்கினேன். அதுக்குள்ள அங்க சத்தம் கேட்டுச்சு.”

“முதல் டோக்கன் எப்படி அவருக்குப் போச்சு?”

“கதவு தொறக்கறக்கு முன்னாடியே வந்து நின்னுட்டாருங்க. எப்பவும் அந்நேரத்துக்கு ஈ, காக்கா இருக்காது. இன்னிக்கு முகாம்னு அவருக்குத் தெரியாது போல.”

“ரிப்போர்ட் எப்போ வந்தது?”

“நேத்துச் சாயங்காலமுங்க. அவரு மட்டும் வந்து என்ற பக்கத்துல உக்காந்து பாத்தாரு. பிரிண்டருல பேப்பர் தீந்து போச்சு, எடுத்துட்டு வர உள்ள போனேன். வந்து பாத்தா ரிப்போர்ட் மூடியிருந்துச்சு. ‘பாத்துட்டேன், நாளைக்கு அம்மாவோட வந்து வாங்கிக்கறேன்’னாரு. அவருதான் கடைசி. கூடத்துல ஆள் இல்லீன்னு டிவியைக்கூட ரிமோட்டுல அணைச்சிருந்தேன்.”

டாக்டர் கூடத்துக் கேமராவின் பதிவைப் போட்டுக் காட்டினார். கமலாத்தாள் மின்விசிறிக்குக் கீழே உட்காரப் போகிறார். மகன் அவரை அழைத்துவந்து டிவிக்கு நேர் எதிரே உட்கார வைக்கிறார். சற்று நேரத்தில் எல்லாத் தலைகளும் டிவி பக்கம் திரும்புகின்றன. மோகனசுந்தரத்தின் முகம் மட்டும் அம்மாவின் பக்கம்.

“பாவம், அம்மா என்ன நினைச்சுப்பாளோன்னு பார்க்கறார்” என்றான் அத்வைத்.

கௌரி நாற்காலியை ரிசப்ஷன் மேஜைப் பக்கம் திருப்பினாள். செல்வப்பிரியாவின் கம்ப்யூட்டரில் காலியான ஒரு மாதிரி ரிப்போர்ட்டைத் திறந்தாள். அந்த விண்டோவை மூலைக்கு இழுத்து மூடினாள். மறுபடி திறந்தாள். அதே மூலையில் வந்து நின்றது.

“இதைத்தான் மாசக்கணக்கா சொல்றேன். விண்டோ தன் இடத்தைத் தானே முடிவு பண்ணப்படாது. கம்ப்யூட்டர் காட்டற இடத்துல உட்காரட்டும். எந்தத் திரைக்கு முன்னால யார் இருக்கான்னு உன் புரோகிராமுக்குத் தெரியுமாடா?”

“கம்ப்யூட்டருக்கு மட்டும் தெரியுமாக்கும்? எல்லாத்தையும் நடுவுல கொண்டு கொட்டும். தினமும் காலம்பற ரிசப்ஷன்ல மூணு விண்டோவை இவர் அடுக்கிண்டு இருக்கணுமா? வெச்ச இடத்துல இருக்கணும்னு கேட்டதே இவர்தான்.”

“ஆமாங்க” என்றாள் செல்வப்பிரியா மெல்ல. “அது எனக்கு ரொம்ப ஒத்தாசைங்க.”

“கேட்டியா? வெச்ச இடம்னா வெச்ச இடமாக்கும். புரோகிராம் தானா ஒரு அடி நகராது.”

கௌரி நிமிர்ந்தாள். “இன்னொரு தடவை சொல்லு.”

“தானா நகராது.”

“அப்போ காலம்பற யார் திறந்தான்னு கேட்கறதே தப்பு. நேத்திக்குக் கடைசியா யார் மூடினா?”

செல்வப்பிரியா தன் பக்கத்து நாற்காலியைத் திரும்பிப் பார்த்தாள்.

மதியம் 12.15.

சந்தை ரோட்டில் இருந்தது மோகனசுந்தரத்தின் ஸ்டூடியோ. அவர் மேஜையில் இரண்டு திரைகள்: ஒன்றில் மணப்பெண், மற்றொன்றில் ஆல்பத்தின் பக்கம். வேறு ஆள் இல்லை. கௌரி கதவைச் சாத்திவிட்டுத்தான் பேசினாள்.

“அணைச்ச டிவியும் கம்ப்யூட்டருக்கு இன்னொரு திரைதான். விண்டோவை அங்கே தள்ளி, கீபோர்டிலேயே மூடிட்டேள். ரெண்டு திரையில வேலை செய்யறவருக்கு அது பழக்கம்.”

“அந்தப் புள்ளையும் செஞ்சிருக்கலாமுங்களே.”

“செஞ்சிருக்கலாம். ஆனா காலம்பற முதல்ல திறக்கற ரிப்போர்ட் எதுவோ அதுதான் டிவியில வரும். அது உங்களோடதா இருக்கும்னு, வாசல்ல முதல் ஆளா நின்னவருக்கு மட்டும்தான் தெரியும். விசிறியை விட்டு அம்மாவை டிவி முன்னால உட்கார வெச்சதும் நீங்கதான். எல்லாரும் டிவியைப் பார்த்தா. நீங்க அம்மாவைப் பார்த்தேள்.”

மோகனசுந்தரம் மவுஸிலிருந்து கையை எடுத்தார்.

“எத்தனையோ தடவை வாயெடுத்தனுங்க. வரலை. சொன்னாலும் அம்மா நம்பாது. ‘அவ சொல்லிக் குடுத்துப் பேசற’ன்னு கௌசிகாவத்தான் வையும். காயிதத்துல குடுத்தா டாக்டரு தப்பா எழுதிட்டாருன்னு சொல்லும். டிவில வந்தா எங்கம்மா எதையும் நம்புமுங்க.” சிரிக்க முயன்றார், முடியவில்லை. “அது ஒண்ணு மட்டும் படிக்கோணும்னுதான் நெனச்சேன். அத்தனை சனம் வரும்னு தெரியாதுங்க.”

“செல்வப்பிரியாவை இன்னிக்கு வேலையை விட்டு நிறுத்தறா.”

அவர் எழுந்துவிட்டார். “அந்தப் புள்ளைய எதுக்குங்க?”

மதியம் ஒரு மணிக்கு அவர் ஸ்கேன் சென்டருக்குள் நுழைந்தார். பின்னால் அம்மா, வாசலோரம் தயங்கியபடி கௌசிகா. டாக்டரின் அறைக்குப் போகலாம் என்று கௌரி கைகாட்டினாள். அவர் கூடத்திலேயே நின்றுகொண்டார்.

“டாக்டரே, அதை டிவில போட்டது நானுங்க. செல்வப்பிரியாவுக்கு ஒண்ணும் தெரியாது. காலைல படிச்சவங்க இதையும் கேட்டுக்குங்க.”

முகாமில் மிச்சமிருந்தவர்கள் தலை குனிந்தார்கள். டாக்டர் செல்வப்பிரியாவிடம் இரண்டு வார்த்தையில் மன்னிப்புக் கேட்டார். அவள் அழுதபடியே அடுத்த டோக்கனைக் கூப்பிட்டாள்.

கமலாத்தாள் யாரையும் பார்க்கவில்லை. காலையில் தனக்குக் கிடைக்காத அந்த விசிறியடி நாற்காலிக்குப் போய், முந்தானையால் அதைத் துடைத்தார்.

“அம்மணி, வெய்யில்ல ஏன் நிக்கற? இங்க வந்து உக்காரு. காத்து நல்லா வருது” என்றார் மருமகளிடம்.

கௌசிகா வந்து உட்கார்ந்தாள். மோகனசுந்தரம் இந்த முறையும் டிவியைப் பார்க்கவில்லை.

அத்வைத்தும் கௌரியும் காரில் பாலக்காட்டுக்குத் திரும்பினார்கள். சித்தூர் தாண்டியதும், “இடத்தை நினைவு வெச்சுக்கட்டும். ஆனா ரிப்போர்ட் மட்டும் கூடத்து டிவிக்குப் போகப்படாதுன்னு இன்னிக்கே எழுதிடறேன்” என்றான்.

“எழுது” என்றாள் கௌரி. “ஆனா அந்த விசிறியடி நாற்காலியைப் பார்த்தப்பறம், நேத்திக்கே எழுதியிருக்கலாமேன்னு எனக்குச் சொல்லத் தோணலைடா.”