சுவருக்குள் ஒரு நூல்

"நீ சொன்னதுதானே? அன்னைக்கு எங்க எல்லாருக்கும் முன்னாடி—"

"நான் சொன்னது ஆராய்ச்சி, அண்ணா. செஞ்சு பாருன்னா சொன்னேன்?"

"மெதுவா. நெவேனா முழிச்சுக்குவா."

காமெனும் தங்கை ஸ்லதீனாவும் எட்டாம் மாடியில், பால்கனியை அடைத்து எழுப்பிய செங்கல் சுவருக்கு முன்னால் நின்றார்கள். பக்கத்து வீட்டில் மிளகாய் சுடும் வாசனை. அதற்கும் அடியில் ஈரச் சுண்ணாம்பு நெடி.

கம்யூனிஸ்ட் ஆட்சி விழுந்தபின் சோஃபியாவின் அடுக்குமாடிகளில் அவரவர் பால்கனியை அவரவர் அறையாக்கிக்கொண்டார்கள். பல்கலைக்கழகத்தில் பழைய கட்டட வழக்கங்களை ஆராயும் ஸ்லதீனா அதைக் கண்டித்துத்தான் எழுதிவந்தாள். ஒரு விருந்தில், இப்படி எழுப்பும் சுவர்களுக்குள் யார் நிழலும் இல்லை, அதனால்தான் அவை நிற்பதில்லை என்று சிரித்தாள்.

காமென் சிரிக்கவில்லை. மகள் நெவேனாவின் அறைக்காக அவன் எழுப்பிய சுவர் காலைதோறும் பிளந்துகொண்டிருந்தது. கொத்தர் பழைய வழக்கத்தைச் சொன்னார்: உயிருள்ள ஒன்றின் நிழலை நூலால் அளந்து, நூலை உள்ளே வைத்துப் பூசவேண்டும். நிழலுக்கு உரியது செத்து, சுவரைத் தாங்கும். பூனையை நிறுத்தினார்கள். நூலை நீட்டிய நொடியில் நெவேனா பூனையைத் தூக்க ஓடிவந்தாள். நூல் அளந்தது அவள் நிழலை; கவனிக்காமல் பூசிவிட்டார்கள்.

சுவர் நின்றுவிட்டது. நெவேனா படுத்துவிட்டாள்.

ஸ்லதீனா படுக்கையருகே விளக்கை வைத்தாள். தலையணையின் நிழல் விழுந்தது. தண்ணீர்க் குவளையின் நிழல் விழுந்தது.

குழந்தைக்கு இல்லை.

"இடி, அண்ணா."

"சும்மா எடுக்கக்கூடாதாம். ஒண்ண எடுத்தா இன்னொண்ண வைக்கணுமாம்."

"அதையும் நான் எழுதியிருக்கேன். வெறும் கதை. இடி."

இடித்தான். நூல் வெளியே வந்தது, உடம்புச் சூட்டோடு.

உள்ளே நெவேனா எழுந்து ரொட்டி கேட்டாள். விளக்கொளியில் அவள் நிழல் மெல்லப் படிந்தது. காமென் கதவருகே நின்று அழுதான். ஸ்லதீனா பால்கனிக்குத் திரும்பி, சன்னல் வழியே மறையும் சூரியனைப் பார்த்தபடி மூச்சுவிட்டாள்.

சுவர் முனகியது.

ஓட்டைக்குள்ளிருந்து குளிர் வந்தது. பிறகு ஒரு குரல், நெவேனாவுடையது போலவே: "அப்பா, இங்க யாருமே இல்ல."

அறையில் குழந்தை இருமத் தொடங்கினாள். விளக்கடியில் அந்த நிழல் வெளிறியது. காமென் அதைப் பார்த்தான்.

ஸ்லதீனாவின் நிழல் அவளுக்குப் பின்னால் தரையில் நீண்டு கிடந்தது. அவள் குதிகாலருகே நூல்போல ஏதோ மெல்ல உரசியது. கழுத்தை மட்டும் திருப்பினாள்.

"அண்ணா, குனிஞ்சு என்ன பண்றே?"