நிலா நண்டின் முதுகில் நான்கு பள்ளங்கள்

அந்த அம்மாள் நாற்காலியில் அமர்வதற்கு முன்பே இரண்டு தாள்களை மேசைமேல் விரித்துவிட்டார். தகரப் பொம்மைத் தொழிற்சாலையின் முதலாளி அவர். இரண்டு தாள்களிலும் ஒரே பொம்மைதான் இருந்தது: ஆறு கால்கள், தலையில் கண்ணாடிக் கூண்டு, வயிற்றில் தீப்பொறி கக்கும் சக்கரம், பின்புறம் முடுக்கும் சாவி.

"நிலா நண்டாம்," என்றார். "எங்க பழைய விண்வெளி வரிசையை மறுபடி கொண்டு வர்றோம். மனுஷன் நிலாவுல கால் வைக்கறதுக்கு முன்னாடி, அங்க என்னென்ன இருக்கும்னு கனவு கண்டாங்களே, அவங்க யோசிச்ச மாதிரியே புதுசா ஒண்ணு வேணும்னு என் அண்ணனோட மகன்கிட்டயும் அவன் தங்கச்சிகிட்டயும் சொன்னேன். ரெண்டும் இதையே கொண்டாந்து நீட்டுதுங்க. அவன் இவளைத் திருடிங்கறான், இவ அவனைத் திருடன்கறா. திருடினது யாரோ அவங்க இனி என் வாசப்படி மிதிக்கக் கூடாது. ஆனா யாரைப் போகச் சொல்லுவேன்?"

துப்பறிவாளர் மூக்குக்கண்ணாடியை நிதானமாகத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் மைத்துனனோ அதற்குள் தாள்களின்மேல் கவிழ்ந்துவிட்டான். வீட்டுக்கு யார் வந்தாலும் 'மாமாவுக்கு என்ன மூளை!' என்ற பேச்சுத்தான். சொந்த அக்காளே அதைச் சொல்லும்போது அவனுக்கு வயிறு எரியும். இந்த ஒரு முடிச்சையாவது மாமாவுக்கு முன்னால் அவிழ்த்துவிட வேண்டும் என்று பரபரத்தான்.

"கிடைச்சிருச்சு மாமா! அண்ணன் வரைஞ்ச நண்டு முதுகுல பள்ளம் இருக்கு. இந்தப் பக்கம் பெருசா ஒண்ணு, அந்தப் பக்கம் வரிசையா மூணு. மூணுல முதல் பள்ளம் மட்டும் பாதி அளவு. தங்கச்சி தாள்ல ஒண்ணுமே இல்ல. அவசரத்துல நகல் எடுக்கறவங்கதான் எதையாவது விட்டுடுவாங்க. திருடினது தங்கச்சிதான்!"

"இருக்கலாம் மாப்ளே. போய்ப் பார்த்துடுவோம்."

தொழிற்சாலையில், அண்ணனின் அறையில் பழைய ராக்கெட்டுகளும் சாயம் போன தகர ரோபோக்களும் அலமாரியை நிறைத்திருந்தன. பள்ளங்களைப் பற்றிக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்தது.

"நிலான்னா பள்ளம் இருக்க வேணாமா சார்? பழைய பொம்மை எல்லாம் வெறும் வழுவழு. அதான் ஓட்டுல நாலு பள்ளம் வெச்சேன்."

"உங்க தங்கச்சி களிமண்ல ஒரு மாதிரிப் பொம்மை செஞ்சிருக்கறதா உங்க அத்தை சொன்னாங்களே, பார்த்தீங்களா?"

"நான் அவ ரூம் பக்கமே போறதில்ல. அதைக் கண்ணால பார்த்ததில்ல." அவர் குரல் தாழ்ந்தது. "முன்னெல்லாம் கடைக்காரங்க என்னைத் தேடி வருவாங்க. இப்ப என் மூஞ்சியைப் பார்த்துட்டே 'தங்கச்சி இல்லீங்களா'ன்னு கேக்கறாங்க."

மைத்துனனுக்கு அந்த மனிதர்மேல் ஏனென்று தெரியாத பாசம் பொங்கியது.

தங்கை சன்னலோரம் பென்சில் சீவிக்கொண்டிருந்தாள். ஆள்காட்டி விரலில் மேல்பாதி இல்லாததால், கட்டை விரலும் நடுவிரலுமாகப் பென்சிலைப் பிடித்திருந்தாள். தகரம் வெட்டும் இயந்திரம் வாங்கிக்கொண்ட காணிக்கை என்று சிரித்தாள். அலமாரியில் காய்ந்த களிமண் நண்டு இருந்தது.

"முதல்லேர்ந்தே அலமாரியிலதான் இருந்துதாம்மா?"

"இல்ல சார், சன்னல்கிட்ட இருந்துது. மண்ணு ஈரமா இருந்தப்பவே மழைச்சாரல் அடிச்சுது. லபக்குன்னு தூக்கி அங்க வெச்சேன். அப்புறம் தொடவே இல்ல."

"முதுகுல பள்ளம் எதுக்கு?"

"பள்ளமா? என் நண்டு வழுவழுன்னுல்ல இருக்கும்!" எட்டிப் பார்த்தவள் விழித்தாள். "அட, இது எப்ப வந்துது?"

நல்ல நடிப்பு என்று மைத்துனன் நினைத்துக்கொண்டான்.

சற்று நேரத்தில் முதலாளி அத்தையின் அறையில் எல்லாரும் கூடினார்கள். மேசை நடுவில் களிமண் நண்டு. துப்பறிவாளர் தொண்டையைச் செருமினார்.

"ஒரு பாட்டுக்காரர் வீட்டுல ஒரு கிளி இருந்துதாம். அவர் பாடுறதைக் கேட்டுக் கேட்டு அப்படியே பாடுமாம். ஒருநாள் 'இது என் பாட்டு'ன்னு காட்டுல போய்ப் பாடிச்சு. ஆனா ஒவ்வொரு அடி முடிவுலயும் ரெண்டு தடவை இருமிச்சாம். இருமல் பாட்டுக்காரரோடது. தான் இருமறதே அவருக்குத் தெரியாது. கிளிக்குப் பாட்டு எது, இருமல் எதுன்னு பிரிக்கத் தெரியல. அம்மா, அன்னைக்குத் தூக்கின மாதிரியே இதைத் தூக்குங்க."

தங்கை கையை வைத்தாள். கட்டை விரல் பெரிய பள்ளத்தில் பொருந்தியது. நடுவிரலும் மோதிர விரலும் எதிர்ப்பக்கத்துப் பள்ளங்களில் இறங்கின. பாதி அளவுப் பள்ளத்தில், பாதி விரல் அச்சாக உட்கார்ந்தது.

"தன் மனசுல இருந்த நண்டைத்தான் அவங்க தாள்ல வரைஞ்சாங்க. பொம்மையில இருந்த கைத்தடம் அவங்க கண்ணுலயே படல. நகல் எடுக்கறவர் எதையும் விடமாட்டார் மாப்ளே, அதிகமாத்தான் எடுப்பார்." அண்ணனின் பக்கம் திரும்பினார். "இந்த மாதிரியைப் பார்த்ததே இல்லைன்னீங்க. உங்க தங்கச்சியோட வெட்டுப்பட்ட விரல் உங்க தாளுக்கு எப்படி வந்துது?"

அண்ணன் நண்டிலிருந்து பார்வையை விலக்கினார்.

"அவ சாப்பிடப் போனப்ப வரைஞ்சேன்," என்றார். "நான் மண்டையைப் பிச்சுக்கிட்டாலும் வராதது, அவ பென்சிலை எடுத்தாலே வருது அத்தை. அதை எத்தனை நாள்தான் பக்கத்து ரூம்லேர்ந்து பார்க்கறது?"

அத்தை வாசலைக் காட்டக் கையை உயர்த்தினார். தங்கை மறு கையால் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இருங்க அத்தை. பள்ளம் இருக்கட்டும். குழந்தைங்க தூக்க வாகா இருக்கும். நிலாவோட பள்ளம்னு அண்ணன் சொன்னது எனக்குத் தோணவே இல்ல. அந்த யோசனை அவனோடது. அவன் போக வேணாம்."

அண்ணன் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார். "என்கிட்ட சொந்தமா இருந்தது அந்த ஒரு பொய்தான். அதையும் உன் பொம்மையில சேர்த்துக்கிட்டியா?"

யாரும் போகச் சொல்லாமலே எழுந்து, வாசப்படி தாண்டிப் போய்விட்டார். தங்கையின் விரல்கள் அந்தப் பள்ளங்களிலேயே இருந்தன.

மைத்துனன் மாமாவோடு வீடு திரும்பினான். கதவைத் திறந்த அக்காள், "என்னடா, கண்டுபிடிச்சாச்சா?" என்றாள்.

தானும் பாதி கண்டுபிடித்ததாகச் சொல்லிவிடலாம். பள்ளங்களை முதலில் பார்த்தவன் அவன்தானே! சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"மாமாவுக்கு என்ன மூளைக்கா!" என்றான்.

வயிறு எரியத்தான் செய்தது. ஆனாலும் சொல்லிவிட்டான்.